டே கேரில் பிறந்தநாள்: இந்தக் கேக் யாருக்காக?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் இளைஞர் ஒருவர் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். தம் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினார். மகனை விடும் டே கேரிலிருந்து வந்த செய்தி அது. வெள்ளிக்கிழமை தங்கள் மகனுக்கு மூன்றாவது பிறந்தநாள், காலை பதினொரு மணிக்குக் கேக் வெட்டுகிறோம், 28 குழந்தைகளுக்கும் ரிட்டர்ன் கிஃப்ட் கொண்டு வாருங்கள், குழந்தைக்குப் புத்தாடை அணிவித்து அனுப்புங்கள் என்று அதில் இருந்தது.

"ஹழ்ரத், பேக்கரியில் விசாரித்துவிட்டேன். கேக்கில் ஜெலட்டின் இல்லையாம். கொடுத்து அனுப்பலாம்தானே?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. பிறந்தநாளைப் பற்றி என்னிடம் வரும் பத்துக் கேள்விகளில் எட்டு ஜெலட்டினைப் பற்றியவை. கேக்கினுள் என்ன இருக்கிறது என்பதில் நம் மக்களுக்குள்ள பேணுதல், கேக் எதற்காக வெட்டப்படுகிறது என்பதில் இல்லாமல் போனது எப்படி என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

அவருக்கு விடை சொல்லுமுன் நான் ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, மகனுக்கு அகீகா கொடுத்துவிட்டீர்களா?"

அவர் தலை தாழ்ந்தது. "ஊருக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று இருந்தோம். தள்ளிப் போய்விட்டது ஹழ்ரத்."

மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப் போயிருக்கிறது. பிறந்தநாள் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போகவில்லை. அகீகா ஸுன்னத்தே அன்றி ஃபர்ளு அன்று. வசதியில்லாதவர் கொடுக்காவிட்டால் குற்றமில்லை. ஆண் குழந்தைக்கு இரண்டு ஆடு, பெண் குழந்தைக்கு ஓர் ஆடு என்பது சிறப்பு. இயலாதவர் ஆண் குழந்தைக்கும் ஓர் ஆட்டோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் இலகுவாக்கி வைத்துள்ளன. ஆகவே அவரை நான் கடியவில்லை. செலவை மட்டும் கேட்டேன். கேக் 1,200 ரூபாய். ரிட்டர்ன் கிஃப்ட் ஒன்று 90 ரூபாய் வீதம் 28க்கு 2,520. புத்தாடை 1,800. பலூன், தொப்பி முதலியவை 500. மொத்தம் 6,020 ரூபாய். முதலாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும் செய்ததையும் சேர்த்தால் ஓர் ஆட்டின் விலை அங்கேயே இருக்கிறது என்பதை அவர் தாமே கணக்கிட்டுக்கொண்டார்.

தாய்மார்கள் வேலைக்குச் செல்வதையோ குழந்தையை டே கேரில் விடுவதையோ பற்றி நான் பேச வரவில்லை. அதைத் தொடங்கினால் நீங்கள் இக்கட்டுரையை இத்துடன் மூடிவிடுவீர்கள். தவிரவும், என் மனைவி பள்ளி ஆசிரியை. என் இளைய மகளும் டே கேரில்தான் பகலைக் கழிக்கிறாள். ஊரில் உம்மம்மாவின் மடி இருக்கிறது, நகரத்தில் இல்லை. நான் பேச வந்தது அந்த நான்கு சுவர்களுக்குள் நம் குழந்தைக்கு நம் பெயரால் நடக்கும் ஒரு சடங்கைப் பற்றி.

சடங்கு என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். "இது மார்க்கச் சடங்கு இல்லையே, வெறும் மகிழ்ச்சிதானே" என்று உடனே கூறுவீர்கள். இவ்வாறு கூறி, ஒரு வரையறைக்குள் இதனை உலக வழக்கமாகக் கருதி அனுமதிக்கும் அறிஞர்களும் இக்காலத்தில் உள்ளனர். அவர்களுடைய கருத்தை நான் ஏற்கவில்லை. ஆயினும் அவர்களை இகழவும் மாட்டேன். பிற சமூகத்தாருக்கு ஒப்பாவதை எச்சரிக்கும் நபிமொழியை எடுத்து உங்கள் மீது வீசிவிட்டு, கால்சட்டையும் கைப்பேசியுமாக நான் எழுந்து போகப் போவதுமில்லை. எந்த ஒப்புமை தடுக்கப்பட்டது, எது தடுக்கப்படவில்லை என்பதில் இமாம்கள் நுணுக்கமாகப் பேசியிருக்கிறார்கள். நான் கேட்பது அந்த மகிழ்ச்சியின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை மட்டுமே.

விளக்கை அணைக்கிறார்கள். மெழுகுவர்த்தியை ஏற்றுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தையிடம், "கண்ணை மூடிக்கோ, என்ன வேணுமோ மனசுல கேட்டுக்கோ, அப்புறம் ஊது" என்கிறார்கள். யாரிடம் கேட்க? இதனை அங்குள்ள ஆசிரியையும் சிந்திப்பதில்லை, நாமும் சிந்திப்பதில்லை. அதே குழந்தைக்கு மக்தபில் நான் கற்பிப்பது என்ன? இரு கைகளையும் ஏந்தி, செருப்பின் வார் அறுந்தாலும் அல்லாஹ்விடம் கேள் என்பது. காலையில் டே கேரில் தீச்சுடரிடமும் மாலையில் மக்தபில் ரப்பிடமும் கேட்கப் பழகும் பிஞ்சுக்கு எது விளையாட்டு, எது துஆ என்று பிரித்தறியத் தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்த நாம்தான் மெழுகுவர்த்தியை வாங்கிக் கொடுத்து அனுப்புகிறோம்.

நம் சகோதர சமயத்தவரான இந்துக்களின் இல்லங்களில் பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலுக்குச் சென்று அர்ச்சனை செய்வது வழக்கம். அங்கு விளக்கு ஏற்றப்படும், ஊதி அணைக்கப்படாது. சுடரை ஊதி அணைப்பதை அவர்களுடைய பெரியவர்களும் விரும்புவதில்லை என்பதை என் அண்டை வீட்டார் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில காப்பகங்களில் கேக்குடன் ஆரத்தியும் குங்குமமும் சேர்ந்துகொள்கின்றன. அங்கு நம் எல்லை எது என்பதில் எவருக்கும் ஐயம் இருக்காது.

அந்தப் பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. உலகமெங்கும் பிறந்தநாளில் பாடப்படும் அந்த மெட்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் மழலையர் பள்ளி ஒன்றை ஒட்டிப் பிறந்தது. பாட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்னும் இரு சகோதரிகள் அதனை இயற்றினர். 1893ஆம் ஆண்டு அச்சில் வந்தபோது அது பிறந்தநாள் பாட்டு அன்று. காலையில் வகுப்பறைக்குள் வரும் குழந்தைகளுக்கு ஆசிரியை கூறும் காலை வணக்கம். ஒருவரையும் விட்டுவிடாமல் எல்லாக் குழந்தைகளுக்கும் நாள்தோறும் கூறப்பட்ட வாழ்த்து, பின்னாளில் ஒரு குழந்தைக்கு ஒரு நாள் மட்டும் உரிய வாழ்த்தாக மாறிவிட்டது. ஸலாத்தைத் தெரிந்தவர்க்கும் தெரியாதவர்க்கும் கூறுமாறு பழக்கப்பட்ட சமுதாயம், இந்த மாற்றத்தில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

"நபி (ஸல்) அவர்களே தாம் பிறந்த நாளில் நோன்பு நோற்றார்களே" என்று ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். உண்மை. திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது தாம் பிறந்த நாள் என்றும் தமக்கு வஹீ அருளப்பட்ட நாள் என்றும் அண்ணலார் கூறியது ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. ஆனால் அது ஆண்டுக்கு ஒருமுறை வரும் தேதி அன்று, வாரந்தோறும் வரும் கிழமை. செய்தது விருந்து அன்று, பசித்திருத்தல். வியாழக்கிழமை பிறந்த மகனுக்காக வியாழன்தோறும் நோன்பு நோற்கும் தந்தை எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. சந்தித்தால் அவருடைய வீட்டுக் கேக்கை நானே சென்று உண்பேன். (மவ்லிதைப் பற்றிய பழைய வழக்கை இங்கே கொண்டு வர வேண்டாம். ஓதுவோரும் ஓதாதோரும் இந்த டே கேர் கேக்கில் ஒன்றாகவே இருக்கிறார்கள்.)

பிறந்த தேதியை நினைவில் வைப்பது தவறா என்றால், இல்லை. சொல்லப்போனால் நாம் அதனைச் சரியாக நினைவில் வைப்பதே இல்லை. மதரஸாவில் சேர்க்கையின்போது, "பிள்ளை பிறந்த பிறை என்ன?" என்று கேட்பேன். ஆங்கிலத் தேதியை நொடியில் சொல்லும் பெற்றோர் பிறையைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். என் பாட்டிக்கு ஆங்கிலத் தேதியே தெரியாது. "உன் பெரியவாப்பா தனுஷ்கோடி புயல் அடிச்ச வருஷம், நோன்புக்கு ஒரு மாசம் இருக்கையில பொறந்தான்" என்பார். அந்தப் புயல் அடித்தது 1964 டிசம்பரில். எந்தச் சான்றிதழும் இல்லாமல் பிறைக் கணக்கு அந்தத் தலைமுறையின் நாவில் இருந்தது.

பிறையாண்டு 354 நாள், சில ஆண்டுகளில் 355. ஆகவே ஆங்கிலத் தேதிப்படி மூன்று வயது நிறையும் நாளில் பிறைக் கணக்கில் மூன்று ஆண்டும் ஏறத்தாழ ஒரு மாதமும் ஆகியிருக்கும். ஏழு வயதில் பிள்ளையைத் தொழுமாறு ஏவ வேண்டும் என்பது நபிவழி. அந்த ஏழு, ஆங்கிலத் தேதிக்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் முன்னதாகவே வந்துவிடும். பிறந்தநாளை மறவாத எத்தனை பேர் இதனைக் கணக்கிட்டு வைத்துள்ளோம்? மார்க்கத்தில் வயது என்பது பொறுப்பின் கணக்கு. நாம் அதனைப் பரிசின் கணக்காக்கி விட்டோம்.

இவ்வளவு எழுதிய பின், என்னைப் பற்றியும் எழுதாவிட்டால் அது நேர்மையாகாது.

என் மகளைச் சேர்த்தபோது நான் காப்பகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். என் மகள் எந்தப் பிறந்தநாள் கொண்டாட்டத்திலும் பங்கேற்கக் கூடாது என்று இரண்டு வரியில் எழுதியிருந்தேன். கடமை முடிந்தது என்ற நிறைவோடு வந்துவிட்டேன். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் மதரஸாவில் தேர்வு சீக்கிரம் முடிந்ததால், நண்பகலுக்கு முன்பே மகளை அழைத்து வரச் சென்றேன். உள்ளே பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. வெளியே நடைபாதையில், செருப்பு அடுக்கும் பலகையின் அருகே, சிறிய பிளாஸ்டிக் நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஆயாம்மா. அந்த நாற்காலி எதற்குரியது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. பிள்ளைகளை அடிப்பவர்கள், கடிப்பவர்கள், சொல் கேளாதவர்கள் சற்று நேரம் உட்கார வைக்கப்படும் இடம் அது.

என்னைக் கண்டதும் அவள் ஓடி வரவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள். "வாப்பா, நான் சேட்டையே பண்ணல."

காப்பகத்தார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் அப்படியே செய்தார்கள். கொள்கை என்னுடையது. அதன் பாரத்தைச் சுமந்தவள் மூன்றரை வயதுக் குழந்தை. பருவமடையும் வரை குழந்தையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அதற்குக் குற்றம் எழுதப்படுவதில்லை என்று மக்தபில் நானே பாடம் நடத்துகிறேன். அல்லாஹ் எழுதாத குற்றத்துக்கு நான் தண்டனை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே, பிறந்தநாள் கொண்டாடும் பெற்றோரிடம் மட்டுமன்றி, என்னைப் போல் கடிதம் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று திரும்பும் பெற்றோரிடமும் நான் இப்போது வாதிடுகிறேன். "ஹராம்" என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டு நாம் அலுவலகம் போய்விடுகிறோம். அந்தச் சொல்லோடு பகல் முழுவதும் தனித்திருப்பது குழந்தை. மார்க்கம் என்றால் மற்றவர்கள் சிரிக்கும்போது வெளியே உட்கார வைக்கப்படுவது என்று அது கற்றுக்கொண்டால், பதினைந்து வயதில் அது எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூ உமைர் ஒரு குருவி வளர்த்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் அந்தக் குருவியின் பெயரோடு எதுகையாக அவரை அழைத்து விசாரித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். ஒரு சிறுவனின் குருவிக்காக நின்று பேசிய நபியின் உம்மத் நாம். குழந்தையை மகிழ்விக்க நமக்குத் தேதி எதற்கு?

அன்று ஆயாம்மா என்னிடம் பேசியதையும் எழுத வேண்டும். அவருடைய பேத்தியும் அதே அறையில் வளர்கிறாள். கட்டணமின்றிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த வகையில் நல்ல மனிதர்கள். "எம் பேத்தி பொறந்தநாள் அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல்னு சொல்லி லீவு போட்டுட்டேன் ஹஜரத்து. இத்தனை பிள்ளைங்களுக்கு நான் எங்க போக?" என்றார். அவர் முஸ்லிம் அல்லர். ஹராம், ஹலால் என்ற விவாதம் எதுவும் அவருக்கு இல்லை. பொய் சொல்ல நேர்ந்ததே என்ற வருத்தம் மட்டும் இருந்தது.

28 குழந்தைகள் உள்ள இடத்தில் ஆண்டுக்கு 28 பிறந்தநாட்கள். விடுமுறைகளைக் கழித்தால் ஏறத்தாழப் பத்து நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. முதலில் பென்சிலும் ரப்பரும் தந்தார்கள். பிறகு தண்ணீர்க் குவளை. இப்போது பெயர் அச்சிட்ட பை. இத்தனையும் மூன்று வயதுக் குழந்தைகளுக்குத் தேவை என்று நம்புகிறீர்களா? அந்தக் குழந்தைக்குப் பை வந்த அட்டைப் பெட்டியே போதும், அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பையும் பலூனும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக.

நுஃமான் பின் பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது, அவருடைய தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பு வழங்கி, அதற்கு நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று அண்ணலார் கேட்டார்கள். இல்லை என்றார். பிள்ளைகளிடையே நீதியாக நடக்குமாறு அறிவுறுத்தினார்கள். அவர் திரும்பிச் சென்று அந்த அன்பளிப்பை மீட்டுக்கொண்டார். இது ஒரு தந்தையின் பிள்ளைகளைப் பற்றிய சட்டம் என்பதை அறிவேன். ஒரு காப்பகத்தின் 28 பிள்ளைகளுக்கு அதனை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரே பாயில் உறங்கி ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கும் குழந்தைகளுக்கு நடுவே ஒன்றுக்கு மகுடம் சூட்டி, இன்னொன்றைக் காய்ச்சல் என்று வீட்டில் ஒளித்து வைக்கச் செய்யும் விழாவை, அந்த நபிமொழியைப் படித்த ஒரு முஸ்லிம் கூசாமல் நடத்த முடியுமா?

"ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா?" என்பீர்கள். வாழ வேண்டும். அதற்குத்தான் பெருநாள் இருக்கிறது. மதீனாவாசிகள் ஆண்டில் இரு நாட்களை விளையாட்டுக்கென வைத்திருந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அவற்றுக்குப் பதிலாக அவற்றைவிடச் சிறந்த இரு நாட்களை அல்லாஹ் வழங்கியிருப்பதாக அறிவித்தார்கள். ஒன்றை விலக்கும்போது வேறொன்றைக் கையில் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நாம் செய்வது தலைகீழ். மகனின் பிறந்தநாளுக்கு 28 பை வாங்கும் நாம், பெருநாளுக்கு மறுநாள் அதே வகுப்புக்கு ஒரு தூக்குச் சட்டியில் சேமியா கொடுத்தனுப்பியிருக்கிறோமா? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வட்டலப்பம் அண்டை வீடுகளுக்குப் போகாத பெருநாள் இல்லை. நோன்புக் கஞ்சிக்குத் தூக்குடன் வரும் அண்டை வீட்டாரைச் சாதி, சமயம் பார்த்து அனுப்பும் பள்ளிவாசலும் நம் ஊர்களில் இல்லை. நம் குழந்தையின் ஆசிரியைக்கு மட்டும் நமக்கொரு பண்டிகை இருப்பதே விடுமுறைப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிகிறது.

செருப்புப் பலகையருகே மகளைக் கண்ட மறுநாள் காப்பகத்தின் பொறுப்பாளரைச் சந்தித்தேன். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். பொறுமையாகக் கேட்டார். மகள் எல்லாக் குழந்தைகளுடனும் உள்ளேயே உட்காருவாள், கொடுப்பது ஹலாலானால் உண்பாள், அவள் பெயரில் விழா வேண்டாம் என்று முடிவாயிற்று. சுடர் ஊதுவதையும் வேண்டுதல் கேட்பதையும் அவர் எல்லாக் குழந்தைகளுக்குமே நிறுத்திவிட்டார். அதற்கு நான் காரணமில்லை. ஒரு குழந்தையின் தலைமுடி அருகே சுடர் போனதாம். பிறர் விழாவில் மகளை உட்கார வைக்க இசைந்ததற்காக ஆலிம் நண்பர்கள் இருவர் என்னைக் கண்டித்தார்கள். அவர்களுடைய பேணுதலை மதிக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் என் மகளை மீண்டும் உட்கார வைக்க மாட்டேன்.

முதலில் சொன்ன இளைஞர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமை கேக் போயிற்று. படத்தை ஸ்டேட்டஸில் பார்த்தேன், பேசாமல் இருந்தேன். பத்து நாள் கழித்து அழைத்து, ஊரில் ஆடு என்ன விலை போகிறது என்று விசாரித்தார்.

வரும் ஜூனில் பலர் புதிதாகச் சேர்க்கைப் படிவம் நிரப்புவீர்கள். அதில் பெற்றோர் குறிப்பு என்று ஓர் இடம் இருக்கும், பெரும்பாலும் காலியாகவே விடுவோம். நான் இம்முறை எழுதிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன், வேண்டுபவர் எடுத்துக்கொள்ளுங்கள்: "எங்கள் குடும்பத்தில் பிறந்தநாள் கொண்டாடும் வழக்கம் இல்லை. மகளின் பெயரில் கேக், பாட்டு, பரிசு வேண்டாம். மற்றக் குழந்தைகளின் நிகழ்ச்சியில் அவளைத் தனியே பிரித்து உட்கார வைக்க வேண்டாம். குங்குமம், ஆரத்தி தவிர்க்கவும். இறைச்சி, ஜெலட்டின் கலந்த பண்டம் கொடுக்க வேண்டாம். ரமலான் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் மறுநாள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆயாம்மாவுக்கும் நாங்கள் சேமியா கொண்டு வருவோம். பால், முந்திரி ஒவ்வாத குழந்தைகள் யார் யார் என்று முன்கூட்டியே தெரிவிக்கவும்."